மஞ்சள் கடுதாசிக்கு முன்னால்



கடனைப் பற்றி நாலு பேர் நடுவில் பேச நம்மவர்கள் கூசுவார்கள். காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டாரிடம் மருந்து கேட்போம். வேலை போய்விட்டது என்றால்கூட நண்பரிடம் சொல்லுவோம். கடன் கழுத்தை நெரிக்கிறது என்பதை மட்டும் கட்டிய மனைவிக்கும் சொல்லமாட்டோம். சொந்த ஊரில் இருப்பவன் மறைக்க நினைத்தாலும் ஊர் அதை நாலு நாளில் கண்டுபிடித்துவிடும். மும்பையிலோ, தில்லியிலோ, சூரத்திலோ, ஜம்ஷெட்பூரிலோ குடியிருக்கும் தமிழன் அதை வருஷக்கணக்கில் மறைத்து வைக்க முடியும். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது புதுத் துணியும் பலகாரப் பெட்டியுமாகப் போய் இறங்கலாம்; அந்தத் துணியும் கடனில் வாங்கியது என்பது ஒருவருக்கும் தெரியாது. இந்த மறைவுதான் வெளி மாநிலங்களில் வாழும் தமிழருக்குக் கடன் விஷயத்தில் உள்ள தனிப்பட்ட ஆபத்து என்று நான் கருதுகிறேன். ஏனென்றால், கடன் சுமையிலிருந்து விடுபட இந்நாட்டில் இன்று இருக்கும் வழிகளில் பெரும்பாலானவை, முந்திப் போய்ப் பேசுகிறவனுக்கே திறக்கின்றன.

தொடங்குவதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. தமிழில் கடன் கொடுத்தவனுக்கும் கடன் வாங்கியவனுக்கும் 'கடன்காரன்' என்று ஒரே பெயர்தான் வழங்குகிறது. குழப்பம் நேராதிருக்க, கொடுத்தவரைக் கடன் கொடுத்தவர் என்றும், வாங்கியவரைக் கடனாளி என்றுமே சொல்லுகிறேன்.

கடன் தாங்க முடியாமற்போனவர் கடைசியில் போய் நிற்கும் இடம் நீதிமன்றம். ஐ.பி. போடுவது, மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று நம் ஊர்ப் பக்கங்களில் சொல்வார்கள். 'என் சொத்து இவ்வளவு, என் கடன் இவ்வளவு, இதைத் தீர்க்க எனக்குச் சக்தியில்லை. என்னை நொடித்தவன் என்று அறிவிக்க வேண்டும்' என்று கடனாளியே மனுச் செய்துகொள்வது அது. பலர் எண்ணுவதுபோல் அது மோசடி அன்று. சட்டம் தந்த வழிதான். ஆனால் அந்தச் சட்டத்தின் வயதைப் பாருங்கள். சென்னை, மும்பை, கல்கத்தா என்ற மூன்று பழைய மாகாணத் தலைநகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற இடங்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுச் செய்யலாம் என்று இந்த இரண்டாவது சட்டம் கூறுகிறது. அது எந்தக் காலத்துக் கணக்கு என்பதை அந்தத் தொகையே சொல்லிவிடும். 2016இல் பாராளுமன்றம் நொடிப்பு நிலை பற்றிப் புதிய தொகுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது உண்மை. தனி மனிதருக்கென்று அதில் ஒரு முழுப் பாகமே இருக்கிறது. ஆனால் அந்தப் பாகம், கம்பெனிகளின் கடனுக்கு ஜாமீன் நின்ற தனி மனிதர் வரையில் மட்டுமே, 2019 டிசம்பர் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. மாதச் சம்பளக்காரருக்கும் சிறு கடைக்காரருக்கும் தொழிலாளிக்கும் பாட்டனார் காலத்துச் சட்டங்களே கதி.

நொடித்தவர் என்று தீர்ப்பானதும் சொத்து முழுவதும், சட்டம் விலக்கிய சில பொருள்கள் நீங்கலாக, நீதிமன்றத்தின் வசமோ அது நியமிக்கும் ரிசீவர் வசமோ போய்விடும். கடன் கொடுத்தவர்கள் அதன் பிறகு நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் தனித்தனியே வழக்குத் தொடர முடியாது. அது ஒரு பெரிய நிம்மதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வீட்டை அடமானம் பெற்றவருடைய உரிமை அப்படியே நிற்கும். அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, வஞ்சனையால் பெற்ற கடன், மனைவி மக்களுக்குரிய ஜீவனாம்சம் ஆகியவை நீதிமன்றம் விடுதலை அளித்த பின்னும் தீரா. விடுதலை பெறாத நொடித்தவர் பாராளுமன்றத்திலோ சட்டசபையிலோ அங்கத்தினர் ஆக முடியாது. நம்மில் பெரும்பாலோருக்கு அது அவ்வளவு பெரிய நஷ்டமாகத் தோன்றாது. மத்திய அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு வேறொன்று முக்கியம். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17ஆவது விதி, ஊழியர் ஓயாக் கடனுக்கும் நொடிப்புக்கும் இடந்தராமல் தம் சொந்தக் காரியங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. கடனுக்காக அவர்மேல் வழக்கு வந்தாலும், அவரை நொடித்தவர் என்று அறிவிக்க மனு வந்தாலும், முழு விவரத்தையும் மேலதிகாரிக்கு உடனே தெரிவித்துவிட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. தில்லியில் சர்க்கார் குடியிருப்புகளில் வாழும் நம்மவர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தேகந்தான்.

ஆகவே அந்த வாசலைக் கடைசியாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள வாசல்களைப் பார்ப்போம். ஆனால் முதலில் பயத்தை நீக்க வேண்டும். பயந்தவன் தவறான இடத்தில் கையெழுத்துப் போடுவான்.

கடன் கட்டாவிட்டால் சிறை என்று வசூலுக்கு வருகிறவர் மிரட்டுவது வழக்கம். வாங்கிய கடனைத் திருப்பக் கையில் வகையில்லை என்பது மட்டுமே குற்றம் ஆகாது. கடன் கொடுத்தவர் சிவில் வழக்குப் போட்டு டிக்ரி பெறலாம். டிக்ரி 5,000 ரூபாய்க்கு மேற்பட்டதானால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பது மெய்யே. ஆனால் சக்தியிருந்தும் கெட்ட எண்ணத்தால் கொடுக்க மறுப்பவனுக்கே அது பொருந்தும், ஏழ்மையால் கொடுக்க முடியாதவனுக்குப் பொருந்தாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிவிட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. பணப் பாக்கிக்கான டிக்ரியின்பேரில் ஒரு பெண்ணைக் கைது செய்யவே முடியாது.

செக் விஷயம் வேறு. கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பிவிட்டால், எழுத்து மூலம் அறிவிப்பு வந்த 15 நாளுக்குள் தொகையைச் செலுத்தாவிட்டால், அது குற்றவியல் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் ஏற்பாட்டிலும் பணமில்லாமல் திரும்பினால் இதே போன்ற சட்டம் உண்டு. கையெழுத்திட்ட வெற்றுச் செக்குகளைச் சில்லறைக் கடனுக்கு ஈடாகக் கொடுத்துவைக்கும் பழக்கம் நம்மவர்களிடையே சகஜமாக இருக்கிறது. எத்தனை நெருங்கிய சிநேகிதர் ஆனாலும் அதைச் செய்யாதீர்கள். அறிவிப்பு வந்தால் அந்த 15 நாளைத் தூங்கிக் கழிக்காதீர்கள்.

ஜப்திக்கும் எல்லை உண்டு. டிக்ரிக்காகச் சம்பளத்தைப் பிடிக்கும்போது முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 31,000 ரூபாய் சம்பளம் என்றால் 21,000 ரூபாய் கடனாளிக்கே. ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதத்துக்கு மேல் சம்பளத்தைப் பிடிக்கவும் முடியாது. பிராவிடண்டு பண்டு, கிராஜுவிட்டி, சர்க்கார் பென்ஷன், தம் பேரில் எடுத்த ஆயுள் இன்ஷூரன்ஸ் பணம் ஆகியவை ஜப்திக்கு அப்பாற்பட்டவை. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் தொழிற்கருவி இவையும் அப்படியே. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத ஆபரணத்தையும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு விலக்கியிருக்கிறது. 1908இல் வந்த சட்டத்தில் தாலிக்கு இப்படி ஒரு காப்பு இருக்கிறது.

இன்னொரு பயம், 'நான் போய்விட்டால் என் பிள்ளை தலையில் விழுமே' என்பது. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்று கூறி அவனைச் சட்டப்படி கட்டுப்படுத்திய பழைய ஹிந்து சட்ட விதியை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசு பொறுப்பு. கடன் பத்திரத்தில் கையெழுத்திடாத மனைவிக்கு, கணவன் வாங்கிய கடனில் மனைவி என்பதற்காக மட்டும் பொறுப்பு வராது. ஆனால் ஜாமீன் கையெழுத்து அப்படியன்று. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. கடன் கொடுத்தவர் கடனாளியை விட்டுவிட்டு நேரே ஜாமீன்தாரரிடமே வரலாம். ஒரே ஊர்க்காரர், ஒரே தெரு என்பதற்காக ஆலையில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதில், ஒருவர் விழுந்தால் வரிசையாக நாலு குடும்பம் விழுகிறது.

இனி வழிக்கு வருவோம். ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்ளுங்கள். பூனாவுக்கு அடுத்த பிம்ப்ரியில் லேத் பட்டறைத் தொழிலாளி. கைக்கு வரும் சம்பளம் 36,000 ரூபாய். வாடகை 9,000. ஒரு வங்கியில் தனிநபர் கடனுக்கு மாதத் தவணை 10,500. கடன் அட்டையில் நிலுவை 1,40,000. ஊர்க்காரர் ஒருவரிடம் வட்டியில்லாக் கைமாற்று 50,000. கடன் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை என்று மாதம் 7,000 கட்டி வருகிறார். கட்டிவிட்டோம் என்ற திருப்தி. அந்த அட்டையின் வட்டி மாதம் மூன்றரை சதவிகிதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவிகிதம். கட்டிய 7,000இல் வட்டிக்கே 4,900 போகிறது. வட்டியின் மேல் 18 சதவிகித வரியாக 882 போகிறது. அசலில் குறைவது 1,218 ரூபாய். கடன் அட்டை வட்டிக்கு 30 சதவிகிதமே உச்சவரம்பு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியதையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்துவிட்டது. எல்லாம் கட்டியபின் அவர் கையில் மிஞ்சுவது 9,500 ரூபாய். அதற்குள் அரிசி, பள்ளிக்கூடம், பஸ், வைத்தியம். போதாது. போதாததற்குக் கைப்பேசியில் வரும் செயலி ஒன்றில் 20,000 வாங்குகிறார். வீழ்ச்சி தொடங்குவது இங்கேதான்; முதற் கடனில் அன்று.

இவர் முதலில் செய்ய வேண்டியது, மனைவியையும் அருகில் வைத்துக்கொண்டு எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவது. யாருக்கு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஈடு என்ன, ஜாமீன் யார் என்று. நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மறந்துபோன கடனும், நம் பெயரில் வேறொருவர் வாங்கிய கடனும் அதில் தெரிந்துவிடும்.

எதை முதலில் கட்டுவது? நம்மவர்களுக்கு இதில் ஒரு தனி முறை உண்டு: யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில். இது தவறான முறை. வாடகை, சாப்பாடு, பிள்ளையின் பள்ளிச் சம்பளம் இவற்றை ஒதுக்கியபின், எதைக் கட்டாவிட்டால் குடியிருக்கும் வீடோ பிழைக்கும் கருவியோ போகுமோ அது முதலில். அப்பால், வட்டி எதற்கு அதிகமோ அது. ஊர்க்காரரின் வட்டியில்லாக் கைமாற்று வரிசையில் கடைசி. ஆனால் அவரிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லி, இவ்வளவு மாதம் பொறுங்கள் என்று கேட்பது முதல் நாளே செய்ய வேண்டிய காரியம்.

நகை இருந்தால் அது ஒரு கேள்வி. தேசிய வங்கி ஒன்றில் ஆண்டுக்குப் பத்துச் சதவிகித வட்டியில் நகைக் கடன் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு அந்த 1,40,000 ரூபாயை அடைத்துவிட்டால், மாத வட்டி 4,900க்குப் பதிலாக ஏறத்தாழ 1,170 ஆகும். கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் கடன் அட்டையை அன்றே இரண்டாக வெட்டி, கணக்கை மூடினால்தான். இல்லாவிட்டால் ஓராண்டில் அட்டைக் கடனும் திரும்ப வந்து நிற்கும், நகையும் பெட்டிக்குத் திரும்பாது. திருப்ப முடியுமென்று நிச்சயமில்லாத நகையை அடகு வைத்து வட்டி கட்டிக்கொண்டிருப்பதைவிட, விற்றுவிடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம். பெண்களுக்கு இது கசக்கும். அடகு வைத்த நகை ஏலம் போனால் இன்னும் கசக்கும். ஏலம் போனாலும், கடன் போக மிஞ்சிய தொகை கடனாளிக்கே சேர வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

அடுத்து வங்கிக்குப் போக வேண்டும். தவணை தவறிய பிறகு அன்று. தவறப்போகிறது என்று தெரிந்த மாதத்திலேயே. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக் கடன் வரிசையில் போய்விடும். அதற்கு முன் போகிறவரிடம் வங்கி பேசும் முறை வேறு, அதற்குப் பின் பேசும் முறை வேறு. கால அளவை நீட்டித் தவணையைக் குறைக்கலாம்; சில மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி கேட்கலாம்; அதிக வட்டிக் கடன்களைச் சேர்த்து ஒரே கடனாக மாற்றித் தரும்படி கேட்கலாம். இவையெல்லாம் வங்கி விரும்பினால் தருவன, கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சம்பளச் சீட்டும், வைத்தியச் செலவுச் சீட்டும், 'மாதம் இவ்வளவு என்னால் முடியும்' என்ற திட்டமான தொகையும் கையில் கொண்டுபோய், எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வருகிறவரை உதாசீனம் செய்வது எளிதன்று. அபராதத்தைப் பற்றியும் ஒன்று: தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தை உயர்த்துவதும், அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுவதும் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. கணக்குப் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

கணக்கு வாராக் கடன் ஆகி, இனித் தவணை கட்ட வழியே இல்லை என்றால், ஒரே தடவையில் குறைத்த தொகையைக் கட்டித் தீர்க்கும் சமரசம் ஒன்று உண்டு. வங்கிகள் இதற்குத் தத்தம் நிர்வாக சபை அங்கீகரித்த கொள்கை வைத்திருக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் விதித்தது. இதில் நான்கு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். தொகையும் தேதியும் குறித்த கடிதம், வங்கியின் தாளில், கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பணத்தை வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். வசூலுக்கு வந்தவர் கையில் கொடுக்காதீர்கள். கட்டியபின் நிலுவை இல்லை என்ற சான்று வாங்குங்கள். கடன் தகவல் அறிக்கையில் அது முழுதும் அடைத்த கடனாக அன்றி, சமரசத்தில் தீர்த்த கடனாகவே பதிவாகும். அந்த வங்கியே குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் தராது. இந்தக் கறை பல ஆண்டு நிற்கும் என்பதை அறிந்தே இறங்க வேண்டும். பின்னால் வீட்டுக் கடன் வாங்க எண்ணும் இளைஞர் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வை எதிர்நோக்குகிறவருக்கு அது அவ்வளவு பெரிய விஷயம் அன்று.

வீட்டுக் கடன் ஆனால் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வங்கிக்கு மிகுந்த பலம் தருகிறது. நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டை ஏலம் விடலாம். முதலில் 60 நாள் அறிவிப்பு வரும். அதற்கு ஆட்சேபம் எழுதி அனுப்பினால் 15 நாளுக்குள் வங்கி பதில் தர வேண்டும். அப்பால் வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் வரையில் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்க உரிமை இருக்கிறது. இந்தக் காலத்தை அழுகையிலும் ஜோசியரிடத்திலும் செலவழிக்காமல், வங்கியின் சம்மதத்தோடு தாமே வீட்டை விற்றுவிடுவது பல சமயங்களில் புத்திசாலித்தனம். ஏலத்தில் வரும் விலை சொந்தக்காரர் பேசி விற்கும் விலைக்கு எட்டுவது அபூர்வம்.

வசூலுக்கு வருகிறவர்கள் விஷயம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் திட்டமாகக் கூறியிருக்கிறது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கே புகார் எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். பெண்கள் சேர்ந்து வாங்கும் குழுக் கடனுக்கு வேறொரு காப்பும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, ஒரு குடும்பம் மாதந்தோறும் கடனுக்காகக் கட்டும் மொத்தத் தொகை அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படும்படி இந்தக் கடன் தரக்கூடாது. நாலு கம்பெனிக்காரர் போட்டி போட்டுக்கொண்டு ஒரே வீட்டுக்குக் கொடுத்திருந்தால், தவறு வாங்கியவரிடம் மட்டும் இல்லை.

கைப்பேசிச் செயலிகளில் பல எந்த வங்கியோடும் சம்பந்தம் இல்லாதவை. நம் தொலைபேசியில் உள்ள பெயர்ப் பட்டியலைத் திருடி, ஊரில் இருக்கும் மாமனாருக்கும் சம்பந்திக்கும் ஆபாசப் படங்களை அனுப்பிப் பணம் பறிக்கிறார்கள். மானத்துக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. இவர்களுக்கு மேலும் மேலும் கட்டுவதில் பயனில்லை. 1930 என்ற எண்ணில் கணினிக் குற்றப் பிரிவுக்கு உடனே சொல்லுங்கள். சம்பந்தியிடம் நாமே முந்திச் சொல்லிவிட்டால், பறிப்பவனிடம் மிஞ்சும் ஆயுதம் ஒன்றும் இல்லை.

தனியார் வட்டிக்காரரிடம் வாங்கியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வட்டித் தொழிலை ஒழுங்கு செய்வது மாநில அரசின் அதிகாரம். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுக்குள்தான் செல்லும். தாராவியில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு வட்டிக்குக் கொடுத்தாலும் அங்கே செல்வது மகாராஷ்டிரத்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் வட்டித் தொழில் நடத்துவது அதன்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கர்நாடகத்தில் அநியாய வட்டிக்கு 2004இல் ஒரு சட்டமும், பலவந்த வசூலுக்கு எதிராக 2025இல் ஒரு சட்டமும் வந்திருக்கின்றன. கேரளத்தில் 2012இல் ஒன்று. அநியாய வட்டியைக் கணக்கிட்டுக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 1918ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. வங்கிகளுக்கு மட்டும் அது பொருந்தாது. இந்த எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1938இல் ராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது விவசாயிகளின் கடன் சுமையைச் சட்டம் மூலமாகவே குறைத்தார். அதற்கும் வெகு காலம் முந்தி, வட்டி எந்த நாளிலும் அசலைத் தாண்டக்கூடாது என்ற 'தாம்துபட்' என்னும் பழைய ஹிந்து முறையைப் பம்பாய் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டு வந்தன. புரோநோட்டுக் கடனுக்குச் சாதாரணமாக மூன்றே ஆண்டுதான் வழக்குக் காலம். அதற்குள் ஒரு சிறு தொகை கட்டி எழுதிக் கையெழுத்திட்டாலும், பாக்கி உண்டு என்று எழுதிக் கொடுத்தாலும், மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

'உங்கள் கடன் முழுவதையும் ரத்துச் செய்து சான்றிதழ் தருகிறோம், எங்களுக்கு இவ்வளவு கட்டணம்' என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் இவர்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு கடனைத் தள்ளி எழுதினாலும் கடனாளியின் பொறுப்பு அதனால் தீராது.

பணம் கொடுத்து இடைத்தரகரைப் பிடிப்பதற்குப் பதிலாக, பணம் கேட்காத ஓர் இடம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் தருகிறார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே வங்கிக்கும் கடனாளிக்கும் இடையில் பேசித் தீர்க்க லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் கூடுகிறது. அங்கே இரு தரப்பும் சம்மதித்தால்தான் தீர்ப்பு. சம்மதித்தபின் அப்பீல் கிடையாது. ஆகவே, கட்ட முடியாத தொகைக்கு அங்கே வெட்கத்துக்காகத் தலையசைத்துவிட்டு வராதீர்கள். மாதம் 4,000தான் முடியும் என்றால் 4,000 என்றே சொல்லுங்கள்.

மராத்தியோ கன்னடமோ ஹிந்தியோ சரளமாக வராதென்று தயங்க வேண்டாம். கடன் தரும்போது அதன் முக்கிய விவரங்களை வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டுமென்பது 2024 அக்டோபர் முதல் விதி. அந்தத் தாள் உங்களிடம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன ஒற்றைத்தாள் பட்டியல், கடன் பத்திரங்களின் நகல், ஆறு மாத வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வந்த அறிவிப்புகளின் உறைகள் இவை போதும். அறிவிப்புக் கிடைத்த தேதியை உறையின் மேலேயே குறித்து வையுங்கள். ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 15100. நாடு முழுவதுக்கும் ஒன்றே.